ஃபுட்பால்ல பையனை ஃபார்வர்டிலிருந்து ஸ்டாப்பரா மாத்திட்டாங்க. எதிர்காலம் இருக்கா?

அல்சூர் அம்மா:
பையனுக்கு 15 வயசு. மூணு வருஷமா பெங்களூரு ஆஸ்டின் டவுன் மைதானத்துல ஃபார்வர்டா, முன்னாடி நின்னு கோல் போடறவனா ஆடறான். போன வாரம் கோச் "நல்ல உயரம், பின்னாடி நில்லு"ன்னு ஸ்டாப்பர் ஆக்கிட்டார், அதாவது நம்ம கோல் முன்னாடி நடுவுல நின்னு தடுக்கற டிஃபெண்டர். ராத்திரி சாப்பிடாம படுத்துட்டான். கோல் போடாதவனை எந்த கிளப் எடுக்கும்னு கேக்கறான். எனக்கு பதில் சொல்லத் தெரியலை. ஆடினவங்க யாராவது சொல்லுங்க.

கௌதம்புரம் ஸ்டாப்பர்:
தங்கச்சி, பீலே சிலை வெச்சிருக்கிற ஏரியாக்காரன் நான். பெங்களூரு சூப்பர் டிவிஷன் லீக்ல 11 சீசன் ஸ்டாப்பர். என்னையும் 16 வயசுலதான் பின்னாடி அனுப்பினாங்க, நானும் அழுதேன்.

அவனுக்கு டிஃபெண்டர் ராகுல் பேகேவைக் காட்டுங்க. 2019 மார்ச் 17, மும்பையில ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல். பேகே ஆடின பெங்களூரு எஃப்சிக்கு எதிரே கோவா. எக்ஸ்ட்ரா டைம், 117வது நிமிஷம், டிமாஸ் அடிச்ச கார்னர், பேகே தலையால முட்டி கோல். பெங்களூருக்கு முதல் ஐஎஸ்எல் கோப்பை. சேத்ரி, மிக்குன்னு பெரிய ஃபார்வர்டுங்க இருந்த டீம்ல அந்தக் கோலைப் போட்டது ஒரு டிஃபெண்டர்! அப்போ அவருக்கு வயசு 28. அதுக்கு முன்னாடி மும்பை எஃப்சி, ஈஸ்ட் பெங்கால், புனேன்னு சுத்தினவர். டிஃபெண்டர் மெதுவாத்தான் பழுப்பான், அவசரப்படாதீங்க.

1962 ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸ் ஃபைனல்ல ஜர்னைல் சிங் தலையில தையலோட இறங்கி கோல் போட்டார். தங்கம் வந்தது. அவரும் ஸ்டாப்பர்தான்.

நாளைக்கே அவன் பழக வேண்டியது ஒண்ணு. எதிராளி பந்தோட வந்தா நேரா நிக்கக் கூடாது, காலுக்கு நடுவுல தட்டிட்டுப் போயிடுவான். உடம்பை அரைவாசி திருப்பி, முட்டியை மடக்கி, அவனை மைதானத்தோட ஓர லைன் பக்கமாத் தள்ளிக்கிட்டே பின்னால போகணும். கண்ணு பந்து மேல. அவன் இடுப்பை ஆட்டினா ஆட்டட்டும். முதல் தடவை இப்படி ஒருத்தன்கிட்ட பந்தைச் சுத்தமா எடுத்த அன்னைக்குத்தான் எனக்கு இந்த இடம் பிடிச்சுப்போச்சு.

முட்டி மட்டும் ஜாக்கிரதை. வீங்கின முட்டியில ஊசி போட்டு ஒரு கிளப் என்னை இறக்கினாங்க. இன்னைக்கும் மாடிப்படி இறங்க சுவரைப் பிடிக்கிறேன். வலின்னா உட்காரணும்னு சொல்லி வளருங்க.

கேஜிஎஃப் லெஃப்ட் பேக்:
அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. அக்கா, படிப்பை விட வேண்டாம், காலேஜ் டீம் வழியாவும் வரலாம். கிளப் நீட்டற எந்த காகிதத்திலயும் படிக்காம கையெழுத்துப் போட்டுடாதீங்க. பையனுக்கு எந்தக் கால்?

அல்சூர் அம்மா:
இடது கால்.

கௌதம்புரம் ஸ்டாப்பர்:
அடடா, இடது கால் ஸ்டாப்பரைத் தேடித்தான் எல்லா கோச்சும் அலையறாங்க தங்கச்சி! உங்க கோச் உயரத்தை மட்டும் பார்த்து மாத்தலை. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு நானும் மைதானத்துக்கு வர்றேன். ஹெட் பண்ணும்போது கண்ணை மூடறானான்னு பார்க்கணும்.