கேட்டரிங் டிரெயினிங்கில் உண்மையில் என்ன கிடைக்கும்?

கேள்வி: கேட்டரிங் காலேஜில் இரண்டாம் வருஷம், ஹோட்டல் கிச்சனில் வேலை பழகும் இண்டஸ்ட்ரியல் டிரெயினிங் வருகிறது. வெங்காயம் உரிக்கத்தான் விடுவார்கள் என்கிறார்கள். காலேஜ் கிச்சனில் இல்லாத எது அங்கே இருக்கு?

பதில் 1: உரிக்கத்தான் விடுவார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் காலேஜில் 2 கிலோ நறுக்குவது வேறு, மதியத்துக்குள் 20 கிலோவை ஒரே அளவில் நறுக்குவது வேறு. அளவு பிசகினால் சிறு துண்டு கருகும், பெரியது பச்சையாக நிற்கும், கிரேவி கசக்கும்.

பதில் 2: ஸ்டாக் (எலும்பு, காய்கறி வேகவைத்து எடுக்கும் சாறு) ஆற வைப்பதைக் கவனியுங்கள். 10 லிட்டரை அண்டாவோடு ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே கிடந்து கெடும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அகலத் தட்டுகளில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, தேதி ஒட்டி உள்ளே வையுங்கள்.

பதில் 3: பெரிய ஹோட்டலில் ஒரே செக்‌ஷனில் முடங்கும் அபாயம் உண்டு. முதல் வாரமே தந்தூர், பேக்கரி, கோல்ட் கிச்சன் (சாலட் மாதிரி குளிர்ந்த அயிட்டங்கள் செய்யும் இடம்) என்று சுழற்சி கேளுங்கள். தினசரி வேலையைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் ரெசிப்பி மட்டும் எழுதாதீர்கள், கழிவையும் எழுதுங்கள். கிலோ 300 ரூபாய்க்கு 10 கிலோ மீன் வாங்கி, சுத்தம் செய்தபின் 6 கிலோ தேறினால் அடக்க விலை கிலோ 500. மெனு விலை இதிலிருந்துதான் வரும்.

கேட்டவர்: ஷூ?

பதில் 1: விரல் மூடியது, வழுக்காத அடிப்பாகம். கேன்வாஸ் வேண்டாம், சூடான எண்ணெய் ஊறிவிடும்.