சாவு வண்டிகள் புறப்பட்ட கூடத்தில் தட்டடவு

பாரிஸில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். மகள் பரதநாட்டிய அடவு பழகக் காலைத் தட்டினால் கீழ்வீட்டுக்காரர் தும்புக்கட்டையால் கூரையில் இடிப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறி வாங்கும்போது ஒரு சிநேகிதி சொன்னார்: "ஒபர்வில்லியே வீதி 104-க்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டினம்." அந்தக் கலைக்கூடத்துக்குக் கதவிலக்கமே பெயர்: சாங்காத்ர், பிரெஞ்சில் நூற்றிநாலு.

போனோம். இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக ரயில் நிலையம் போல நீண்ட கூடம். ஒருவர் பந்துகளை எறிந்து பிடிக்கிறார், இன்னொருவர் நாடக வசனம் பாடமாக்குகிறார், கண்ணாடிக் கதவில் தங்களைப் பார்த்தபடி ஹிப்ஹொப் ஆடும் பொடியள். காசில்லை, பதிவில்லை. மகள் அரைமணி நேரம் சுவரோடு ஒட்டி நின்றாள். அப்புறம் சேலையை இழுத்துச் சொருகித் தட்டடவைத் தொடங்கினாள். பக்கத்தில் ஆடிய பொடியன் தன் ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு நான் போட்ட தாளத்தைக் கவனித்தான். அவள் மூன்றாம் காலத்துக்கு, அதாவது ஆக வேகமான சுற்றுக்குப் போனதும் சப்பாத்தோடு அவனும் சேர்ந்து தட்டிப் பார்த்தான். இரண்டு சுற்றில் தவறி, மூன்றாவதில் பிடித்துவிட்டான்!

அன்று கோப்பி குடிக்கும் இடத்தில் ஒரு பெரியவர்தான் கட்டடத்தின் கதையைச் சொன்னார். 1870களில் கட்டியது. நகரத்தின் இறுதிச் சடங்குச் சேவை இங்கிருந்துதான் நடந்ததாம். சவப்பெட்டிகள், சாவு வண்டிகள், நிலத்தடியில் குதிரை லாயங்கள். 1905-க்குப் பின் திருச்சபையிடமிருந்து நகரசபை பொறுப்பெடுத்ததும், திருச்சபை ஏற்காதவர்களுக்கும் இங்கிருந்து வண்டி போனது. அந்த ஒரு விஷயம் என் மனதில் நின்றுவிட்டது. 1993-ல் இந்தச் சேவையில் நகரசபைக்கு இருந்த ஏகபோக உரிமையைச் சட்டம் நீக்கியது. சில வருடங்களில் சேவை மூடப்பட்டது. 2008 ஒக்டோபரில் கலைக்கூடமாகத் திறந்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் நெஞ்சு இடித்தது. சலங்கை கட்டும் பிள்ளையைச் செத்தவீட்டு இடத்துக்கா கூட்டி வந்தேன்? இரவு இணுவிலில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "சுடலையில ஆடுறவரைக் கும்பிட்டுத்தானே பிள்ளை ஆடத் தொடங்கிறாள்? அதில என்ன துடக்கு?" என்றார். சரி என்று அடுத்த சனிக்கிழமையும் போனோம். இப்போது மூன்றாவது வருடம்.

போக நினைப்பவர்களுக்கு: ரிக்கே மெத்ரோவில் இறங்குங்கள், திங்கட்கிழமை பூட்டு. தரை கடினம், முழுமண்டி (முழங்காலை மடக்கி முழுதாகக் குந்தும் நிலை) நெடுநேரம் வேண்டாம்.