ஸ்பானிய விருந்தினரை ஒருமையில் அழைப்பதா, மரியாதையுடன் அழைப்பதா?

கேள்வி (எல்ல, விடுதிப் பணியாளர்)

அனைவருக்கும் வணக்கம். எல்லவில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்புப் பகுதியில் பணிபுரிகிறேன். கண்டியிலிருந்து ரயிலில் வந்து இறங்குவோரில் ஸ்பானிய மொழி பேசுபவர்களும் இருப்பதால், கைப்பேசிச் செயலி ஒன்றின் உதவியுடன் அம்மொழியைக் கற்று வருகிறேன். செயலியோ எல்லோரையும் ‘தூ’ என்று அழைக்கவே சொல்லித் தருகிறது. அண்மையில் தங்கிய கொலம்பியத் தம்பதியர் தமக்குள் ‘உஸ்தெத்’ என்று பேசிக்கொண்டனர். ஆர்ஜென்டினா இளைஞர்கள் ‘போஸ்’ என்றனர். வயதில் மூத்த ஒருவருக்குத் தேநீர் கொடுக்கும்போது நான் எதைச் சொல்ல வேண்டும்? ‘தூ’ என்பது நமது ‘நீ’, ‘உஸ்தெத்’ என்பது நமது ‘நீங்கள்’ என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1 (ஹட்டன், மொழி ஆசிரியர்)

தம்பி, மூத்தவருக்கு ‘உஸ்தெத்’ என்பதே சரி. ஆனால் அதை நமது ‘நீங்கள்’ என்று எடுத்துக்கொண்டால் வினைச்சொல்லில் தடுமாறுவீர்கள். நாம் ஒருவரை மதிக்கும்போது பன்மைக்குப் போகிறோம். ஸ்பானியர் படர்க்கை ஒருமைக்குப் போகிறார்கள். ‘உஸ்தெத்’ என்பது ‘புவெஸ்த்ரா மெர்செத்’, அதாவது ‘தங்கள் அருள்’ என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவான சொல். ஒருவரின் அருளை முன்னிறுத்திப் பேசியதால் வினையும் ‘அவர்’ என்பதற்குரிய வடிவத்திலேயே நின்றுவிட்டது. எதிரே நிற்பவரிடமே ‘ஐயா சொன்னால் சரி’ என்று நம் தோட்டங்களில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும்.

தேநீர் வேண்டுமா என்று நண்பரிடம் கேட்க ‘கியேரெஸ் தே?’ என்றும், மூத்தவரிடம் கேட்க ‘கியேரே தே?’ என்றும் சொல்ல வேண்டும். இறுதியில் உள்ள ‘ஸ்’ ஒலி போய்விடுகிறது, அவ்வளவுதான். பன்மையான ‘கியேரென்’ என்பதைத் தனியாக அமர்ந்திருக்கும் ஒருவரிடம் மரியாதைக்காகச் சொன்னால், வேறு யாரைச் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்று அவர் குழம்புவார்.

பதில் 2 (நுவரெலியா, சுற்றுலா வழிகாட்டி)

ஆசிரியர் ஐயா சொன்ன இலக்கணத்தோடு உடன்படுகிறேன். ஆயினும் நாட்டைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விதியைச் சொல்ல இயலாது. ஸ்பெயினில் கடைக்காரரும் வாடிக்கையாளரும்கூட இன்று பெரும்பாலும் ‘தூ’ என்றே பேசிக்கொள்கின்றனர். அங்கிருந்து வரும் முப்பது வயதுக்காரரை ‘உஸ்தெத்’ என்றால், தம்மைக் கிழவராக்கிவிட்டதாகவே அவர் உணரக்கூடும். கொலம்பியத் தலைநகரான பொகோட்டாவில் நிலைமை வேறு. அங்கே கணவன் மனைவியும் நெருங்கிய நண்பர்களும் ‘உஸ்தெத்’ என்று பேசுவது இயல்பு என்பதால், நீங்கள் கண்ட தம்பதியரிடையே விலக்கம் எதுவும் இருந்ததாக எண்ண வேண்டாம். கோஸ்டாரிக்காவில் குழந்தைகளைக்கூட அப்படி அழைப்பார்கள். ஆர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘தூ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘போஸ்’ நிற்கிறது, வினையும் ‘கெரேஸ்’ என்று மாறுகிறது. ஆனால் அங்கும் முன்பின் அறியாத முதியவருக்கு ‘உஸ்தெத்’ உண்டு.

ஒரு குடும்பமாக வந்தால் கவலை குறைவு. இலத்தீன் அமெரிக்கா முழுவதிலும் நண்பர் கூட்டத்துக்கும் பெரியோர் கூட்டத்துக்கும் ‘உஸ்தேதெஸ்’ ஒன்றே போதும். ‘போசோத்ரோஸ்’ என்ற நெருக்கமான பன்மை ஸ்பெயினுக்கே உரியது, அங்கும் கனேரித் தீவுகளில் அது பொதுவாக வழங்குவதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா, அண்ணா. அப்படியானால் முதலில் ‘உஸ்தெத்’ என்று தொடங்கி, எப்போது மாற்ற வேண்டும் என்பதை எப்படி அறிவது? பெயர் சொல்லி அழைக்கலாமா?

பதில் 3 (பண்டாரவளை, மொழிபெயர்ப்பாளர்)

மாற்றும் உரிமையை விருந்தினரிடமே விட்டுவிடுங்கள். விரும்பினால் அவரே ‘தூதேயாமே’ என்பார். ‘என்னை ஒருமையிலேயே அழையுங்கள்’ என்பது அதன் பொருள். அதன் பிறகும் நீங்கள் பிடிவாதமாக ‘உஸ்தெத்’ என்றால் அது மரியாதையாகப் படாது, விலகி நிற்பதாகவே படும்.

பெயரைப் பொறுத்தவரை, ‘செஞ்ஞோர்’ (திரு), ‘செஞ்ஞோரா’ (திருமதி) ஆகியவற்றைக் குடும்பப் பெயருடன் சேருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் முறையே உரிய ‘தோன்’, ‘தோஞ்ஞா’ என்ற மரியாதை அடைமொழிகள் தனிப்பெயருடன் வரும். நம் ஊரில் அறிமுகமற்ற பெண்ணை ‘அக்கா’ என்றோ ‘அம்மா’ என்றோ அழைப்பதுபோல அங்கே உறவுச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். வெறும் ‘செஞ்ஞோரா’ போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்பானியத்தில் ‘தூ’, ‘உஸ்தெத்’ என்ற சொற்களே பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை. வினை முடிவும் ‘உமது’, ‘தங்கள்’ போன்ற உடைமைச் சொற்களுமே மரியாதையைக் காட்டுகின்றன. ‘கியேரே’ என்று கேட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தில் ‘து தே’ என்று சொல்வது, தமிழில் ‘நீங்கள் உன் தேநீரைக் குடியுங்கள்’ என்பதற்கு ஒப்பாகும். ‘சு தே’ என்றே சொல்லிப் பழகுங்கள். வாசலில் வரவேற்கும்போது ‘பாஸே’, இருக்கையைக் காட்டும்போது ‘சியென்தெஸே’: இவ்விரண்டையும் தயங்காமல் சொல்ல வந்துவிட்டால், உங்கள் மேசைக்கு வேண்டிய மரியாதை வடிவங்களில் பெரும்பகுதி கைவந்துவிடும்.