இரவுக் கடலில் எந்த நிற லூர்? என் வாக்கு கறுப்புக்கு

கோவளம் கரையிலிருந்து:

இரவில் கடல்மீன் பிடிக்க எந்த நிறத்தில் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வாங்கலாம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். கடையில் போய்க் கேட்டால், இருட்டில் பச்சையாக ஒளிரும் லூரைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். நான் கறுப்பைச் சொல்வேன். காரணத்தோடு சொல்கிறேன்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவாவுக்காகத்தான் நான் இரவில் நிற்பது. வடகிழக்குப் பருவமழையில் முகம் திறந்துகொண்டால் உள்ளிருக்கும் நீர் கலங்கலாகக் கடலுக்குப் பாயும். அதோடு மடவையும் இறாலும் வரும், அவற்றைத் தின்னக் கொடுவா வரும். அப்படி ஓர் அமாவாசை இரவில் நண்பரும் நானும் வீசிக்கொண்டிருந்தோம். மடவை துள்ளுகிறது, கொடுவா நீரை அறையும் சத்தமும் கேட்கிறது. ஆனால் அவருடைய முத்து வெள்ளை மினோவை (சிறுமீன் வடிவ லூர்) எதுவும் தொடவில்லை. பக்கத்தில் வீச்சுவலையோடு நின்ற மீனவர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, மீன் கீழே இருந்துதானே அண்ணாந்து பார்க்கிறது? இருட்டானதாகப் போடுங்கள்" என்றார். நண்பர் அதே அளவில் முழுக் கறுப்பு மினோவை மாட்டினார். நீரோட்டத்துக்குக் குறுக்கே மெதுவாக இழுத்து வரும்போது கோலே வளைந்துவிட்டது. அன்று எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கறுப்பில்தான்.

அந்த அண்ணன் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. நிலா இல்லாத இரவிலும் நீரைவிட வானம் சற்று வெளிச்சமாகவே இருக்கும். மேற்பரப்பை ஒட்டி ஓடும் லூர் கீழே இருக்கும் மீனுக்கு வானத்தின்மேல் ஒரு நிழலுருவாகத் தெரியும். நிழல் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு நல்லது. மங்கிய ஒளியில் மீனின் கண்ணில் வேலை செய்வது குச்சி செல்கள். நிறத்தைப் பிரித்தறியும் கூம்பு செல்களுக்கு அந்த ஒளி போதாது. கொடுவாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பாருங்கள், செம்மையாக ஒளிரும். உள்ளே வந்த ஒளியை மீண்டும் விழித்திரைக்கே திருப்பும் படலம் பின்னால் இருப்பதால்தான் அப்படி. நமக்கு ஒன்றுமே தெரியாத இருட்டிலும் அதற்கு உருவம் தெரியும்.

சிவப்பு லூர் கையில் இருந்தால் கறுப்பு இல்லையே என்று வருந்த வேண்டாம். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். இரவில் சிவப்பும் கறுப்பாகவே நிற்கும்.

விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் நான் மாற்றிக்கொள்வேன். பாலத்து விளக்கின் கீழே குஞ்சு மீன்கள் கூடும். கொடுவா வெளிச்சத்துக்குள் வராது, நிழலின் விளிம்பில் காத்திருக்கும். அங்கே வெள்ளை அல்லது உள்ளே வெளிச்சம் ஊடுருவும் சிறிய லூர். வெளிச்சத்தில் வீசி நிழலுக்குள் இழுக்க வேண்டும். பௌர்ணமியில் வெள்ளிப் பக்கங்கள் கொண்டது போதும்.

சிங்கப்பூரிலிருந்து:

பெடோக் ஜெட்டியில் நான் பிடிப்பது ஊசிக்கணவாய். இங்கே ஆரஞ்சுதான், இளஞ்சிவப்புதான் என்று ஜிக் (எடையோடு நீருக்குள் இறங்கும் லூர்) நிறத்துக்காக வாதாடாத இரவே இல்லை. ஆனால் பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒரே வகை ஒளியுணர் நிறமிதான் இருக்கிறது. நாம் காணும் ஆரஞ்சு அதற்கு ஒரு சாம்பல் தரம், அவ்வளவே. ஆகவே நான் வெளிர், அடர் என இரண்டு ஜிக் மட்டும் எடுத்துப் போகிறேன். விளக்கடியில் வெளிர், ஜெட்டியின் இருண்ட பக்கத்தில் அடர். ஜிக்கை உதறிவிட்டு அமைதியாக இறங்க விடுவதுதான் முக்கியம். கணவாய் பிடிப்பது பெரும்பாலும் அது இறங்கும்போதுதான்.

தூத்துக்குடியிலிருந்து:

ஒளிரும் லூரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். கரையில் நிற்பவருக்கு வானம் பின்னணி. படகில் இருந்து ஆழத்தில் வாளை மீனுக்கு ஜிக் இறக்கும் எங்களுக்கு அந்தப் பின்னணி ஒளி கிடையாது. கறுப்பு அங்கே இருட்டோடு இருட்டாகிவிடும். ஒளிர்வது அங்கேதான் கைகொடுக்கிறது. நான் முழு உடலும் ஒளிரும் ஜிக் வாங்குவதில்லை, வயிற்றில் பட்டை பட்டையாக ஒளிர்வதைத்தான் வாங்குகிறேன். டார்ச்சைக் கொஞ்ச நேரம் காட்டி, முதல் பளீர் அடங்கிய பிறகே இறக்குவேன்.

கோவளம் கரையிலிருந்து:

தூத்துக்குடி அண்ணன் சொல்வது சரி. நான் சொன்னது ஆழம் குறைந்த கரைக்கு மட்டும் என்று முகப்பிலேயே எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர், நீர் அசைந்தால் ஒளிவிடும். அப்படிப்பட்ட நீரில் எந்த நிற லூரும் தானாகவே ஒளியில் மூழ்கிவிடும். தூண்டில் நரம்பு போகும் பாதைகூட நீலக்கோடாகத் தெரியும். அந்த இரவுகளில் நான் நிறத்தைப் பார்ப்பதில்லை. மெல்லிய முன்நரம்பு (லூரை ஒட்டிக் கட்டும் நரம்புத் துண்டு) கட்டி, லூரை எவ்வளவு மெதுவாக இழுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுக்கிறேன். உங்கள் பக்கம் கடல் அப்படி ஒளிரும்போது வாளை எடுக்கிறதா அண்ணா? அதன் பல்லுக்காகக் கட்டும் கம்பியும் அப்போது ஒளிர்ந்து காட்டிக்கொடுக்குமே, என்ன செய்கிறீர்கள்?