புதுப்பிப்பு: லிட்டில் இந்தியா கடைவீட்டுப் பெயர்ப்பலகைக்கு அனுமதி கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள எங்கள் பழைய கடைவீட்டுக்குப் புதுப் பெயர்ப்பலகை வைக்க எப்படி அனுமதி வாங்குவது என்று கேட்டிருந்தேன். 1989 முதல் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரம். அதனால் பலகை வைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் உண்டு.

பலித்தது, மாடிச் சன்னலை மறைக்காமல் ஐந்தடிப் பாதைக்கு (கடை முன்னாலுள்ள கூரையிட்ட நடைபாதை) மேலுள்ள உத்தரத்தில் பலகையை வையுங்கள் என்ற யோசனைதான். முகப்புப் புகைப்படத்தின் மேலேயே அளவுகளோடு வரைந்து கொடுத்தோம். மரச் சன்னல் கதவுகளும் சுதைப் பூவேலையும் முழுசாகத் தெரிந்தன. ஆணையத்தில் சரி என்றுவிட்டார்கள்.

எதிர்பாராதது ஏசி. முகப்பில் தொங்கிய வெளிப்பெட்டியைப் பின்பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று. குழாய் நீண்டதில் செலவு கூடிவிட்டது. பலகைக்கு வரையும்போதே அதையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், வாடகைக் கடை என்றால் உரிமையாளரின் ஒப்புதலை முதலிலேயே வாங்கி வையுங்கள்.