அடிமானம் ஒன்றானால் அடுக்குகளைச் சமன்படுத்தலாம் என்பது எதனால்?

கேள்வி (டர்பனிலிருந்து ஒரு தாய்)
வணக்கம். பதினோராம் கிரேடு படிக்கும் என் மகள், 8^(க+1) = 4^(2க−1) என்னும் சமன்பாட்டின் இரு பக்கத்தையும் 2-ஐ அடிமானமாகக் கொண்டு எழுதி, 3க+3 = 4க−2 எனச் சுருக்கி, க = 5 என்று விடை கண்டாள். காரணம் கேட்டால், இரு பக்கத்து 2-உம் வெட்டுப்பட்டுவிடும் என்கிறாள். 4^க + 4^(க+1) = 80 என்பதில் இடப்பக்கத்தை 4^(2க+1) என்று எழுதிவிட்டு, மேற்கொண்டு நகர முடியாமல் நிற்கிறாள். இதை எவ்வாறு விளக்குவது?

பதில் (சாட்ஸ்வொர்த், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)
அம்மா, அங்கே எதுவும் வெட்டுப்படுவதில்லை. க கூடக் கூட 2^க-வும் கூடிக்கொண்டே போவதால், அது ஒருமுறை எடுத்த மதிப்பை மீண்டும் எடுக்காது; ஆகவே இரு பக்கமும் சமமானால் அடுக்குகளும் சமமாக இருந்தே தீர வேண்டும். அடிமானம் 1 ஆனால் இந்த வாதம் நிற்காது. 1^3, 1^7 இரண்டும் 1 தான். அதற்காக 3-உம் 7-உம் சமமாகிவிடுமா? அடிமானம் 1 அல்லாத மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்துவது இதற்காகவே.

இரண்டாவது கணக்கில் சிக்கல் வேறு. அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலுக்கு உரிய விதி. கூட்டல் குறி நடுவில் இருக்கும்போது அது செல்லாது. 4^(க+1) என்பது 4 × 4^க. ஆகவே இடப்பக்கத்தில் ஒரு 4^க-வும் நான்கு 4^க-வும் சேர்ந்து 5 × 4^க ஆகின்றன. 5 × 4^க = 80 எனில் 4^க = 16; க = 2. இரு பக்கமும் தனித்தனி ஒற்றை உறுப்பாக வரும்வரை அடுக்குகளைத் தொடக்கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
ஐயா சொன்னதை ஒட்டி 4^க − 6 × 2^க + 8 = 0 என்பதையும் செய்யச் சொல்லலாம். பொதுக் காரணியை வெளியே எடுக்கும் வழி இங்கே உதவாது. 4^க என்பது (2^க)² ஆதலால், 2^க-வை ப என்று வைத்தால், ப² − 6ப + 8 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். ப = 2 அல்லது 4; எனவே க = 1 அல்லது 2. வேறு கணக்கில் ப-வுக்குக் குறை மதிப்பு வந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும், ஏனெனில் 2^க ஒருபோதும் குறை எண்ணாகாது.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. 2^க = 10 என்று வந்தால்?

பதில் (சாட்ஸ்வொர்த்)
2^3 = 8, 2^4 = 16 என்பதால் க 3-க்கும் 4-க்கும் இடையில், ஏறத்தாழ 3.32. அதற்கு மடக்கை, அதாவது அடுக்கு என்ன என்று கண்டறியும் முறை, வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் அது பன்னிரண்டாம் கிரேடில் வருகிறது. மகளின் இப்போதைய பயிற்சிகளில் இப்படி வந்து நின்றால், பெரும்பாலும் முந்தைய வரியில்தான் பிழை இருக்கும்.