வார்டில் புது நெறிமுறை வந்தபோது முன்னால் நின்றவர் யார்? – உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

காட்பாடி, ஸ்டாஃப் நர்ஸ்:

மனநல வார்டில் வேலை செய்பவர்கள், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள். மேலிருந்து புது சிகிச்சை நெறிமுறை வரும்போது, அதை வார்டில் நிஜமாக நடத்திக் காட்டியவர் யார்? நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி நான் அப்போது இருந்த தனியார் மருத்துவமனையில், நோயாளியைக் கட்டிவைப்பது பற்றிப் புது நெறிமுறை போட்டார்கள். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டலாம். மனநல மருத்துவர் அனுமதி வேண்டும். காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தண்டனையாகக் கட்டவே கூடாது. நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். சர்க்குலர் நோட்டீஸ் போர்டில் ஏறியது. ஒரு வகுப்பு எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். வார்டு பழையபடியே ஓடியது. "நைட்ல ரெண்டு ஸ்டாஃப், ஒரு வார்டு பாய். யாருக்காவது அடிபட்டா சர்க்குலர் போட்டவங்க வந்து நிப்பாங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதைப் புரிந்துகொள்ளாமல் செவிலியர்களைக் குறை சொல்லும் யாரோடும் எனக்கு உடன்பாடில்லை.

அதை மாற்றியவர் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர். வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. மருந்து டிராயரில் சுருட்டிக் கிடந்த துணிப்பட்டைகளை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி நர்ஸிங் ஸ்டேஷனில்தான் தொங்கும், யாரும் எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் டூட்டி டாக்டருக்குப் போன் செய்து, ரிஜிஸ்டரில் காரணத்தை எழுதியிருக்க வேண்டும். பகல் டூட்டியிலேயே இருக்கக்கூடியவர், தானே கேட்டு நைட் டூட்டிக்கு வந்தார்.

அப்படி ஒரு ராத்திரி, பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். தோல் ஷெட்டில் வேலை. பல நாளாகத் தூக்கமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிச் சுழற்றினான். வார்டு பாய் அலமாரிப் பக்கம் நகர்ந்துவிட்டார். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். டிவியை அணைக்கச் சொன்னார். வேடிக்கை பார்த்தவர்களை அடுத்த ஹாலுக்கு அனுப்பினார். பையனுடைய அம்மாவை மட்டும் அவன் கண்ணில் படும்படி நிற்கவைத்தார். வேலூரில் இது புதிதல்ல. பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் வீட்டார் நோயாளியோடு தங்குவது 1950-களில் தொடங்கிய வழக்கம். பிறகு சிஸ்டர் அவன் கைக்கு எட்டாத தூரத்தில், எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார். எங்களில் ஒருத்தர் மட்டும் பின்னால் நின்றார்.

"சாப்ட்டியா கண்ணு?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கதவத் திறங்க" என்றான். திறக்கச் சொன்னார். வராந்தாவில் செக்யூரிட்டி இருந்தார், அது சிஸ்டருக்குத் தெரியும். அடுத்து ஒரே கேள்வி: "மாத்திரை வேணுமா, ஊசி வேணுமா? நீயே சொல்லு." நாற்காலி கீழே இறங்கியது. "ஊசி" என்றான். டாக்டர் வந்து பார்த்து, ஆளை அமைதியாக்கும் ஹாலோபெரிடால், புரோமெதசின் ரெண்டையும் எழுதினார். அம்மா பக்கத்தில் உட்கார, பையன் தூங்கிப்போனான். பட்டை அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை, டூட்டி மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில் சிஸ்டர் சொன்னது என் மனதில் அப்படியே இருக்கிறது. அந்த ரெண்டு மருந்தையும் சேர்த்துப் போடுவதை இதே வேலூரில்தான், சி.எம்.சி.யில் 200 பேரிடம் லோராசெபம் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரெண்டுமே ஆளை அமைதியாக்கின, ஆனால் இந்தக் கூட்டு சீக்கிரம் வேலை செய்தது. 2004-ல் அந்த ஆய்வு வெளியானது. 2015-ல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் போட்ட நெறிமுறையிலும் இந்தக் கூட்டு இருக்கிறது. "நம்ம ஊர் நோயாளிங்ககிட்ட கத்துக்கிட்டது அங்க நெறிமுறையாயிருக்கு. அதையே நாம செய்றதுக்கு என்ன பயம்?" என்றார். ஜூனியர் பிள்ளைகள் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு தெம்பைப் பார்த்தேன்.

இன்னொன்றும் செய்தார். ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டி யாரையும் கட்டக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 97-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த வரியில் அடிக்கோடு போட்டு, எங்கள் டூட்டி சார்ட்டையும் சேர்த்து நிர்வாகத்திடம் கொண்டுபோனார். நைட்டுக்கு மூன்றாவது ஸ்டாஃப் கிடைத்தது அப்படித்தான். கீழே இருப்பவர்களிடம் "செய்" என்று சொல்ல எத்தனையோ பேர் உண்டு. நமக்காக மேலே போய்ப் பேசியவர் அவர் ஒருவர்தான். புது நெறிமுறையை நாங்கள் நம்பியது அதனால்தான்.

ஆற்காடு, தங்கைக்கு உடனிருப்பவர்:

படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தங்கைக்கு இருதுருவ நோய் (மனநிலை ஒரேயடியாக ஏறியும் இறங்கியும் மாறும் நோய்), அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும் என்று நாங்கள் போகும் இடத்தில் கண்டிப்பாக்கினார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். இரவு எட்டரைக்குப் போட்டால் காலை எட்டரைக்கு எடுக்கணும். ஆனால் லேப் திறப்பது ஒன்பதரைக்கு! முதல் பஸ் பிடித்து வந்து, ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்துத் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். பல பேர் டெஸ்டே எடுக்கவில்லை.

ஓ.பி.யில் ஒரு சீனியர் சிஸ்டர் அம்மா லேபில் பேசி, லித்தியம் ஆட்களுக்கு மட்டும் ஓ.பி. மேசையிலேயே எட்டரைக்கு ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தார். "காலை மாத்திரை ரத்தம் குடுத்த அப்புறம்தான்" என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பார். கத்திரி வெயிலுக்கு முன்பே வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். நம்ம ஊர் வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் அளவு ஏறும். தண்ணீர் குறையக் கூடாது, உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கைகால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு புரூஃபென், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடக் கூடாது. வாந்தி, பேதி, கை நடுக்கம் அதிகமாவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும். பொதுவாக 0.6-லிருந்து 1.0-க்குள் அளவு இருந்தால் நல்லது என்பது இப்போது என் அம்மாவுக்கே மனப்பாடம்.

குடியாத்தம், களப்பணியாளர்:

கிராமத்திலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மனச்சோர்வு உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். கிராம சுகாதார செவிலியர்கள் கேட்கவே தயங்கினார்கள். "நாமளே எடுத்துக்குடுத்த மாதிரி ஆயிடாதா சார்?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது என்று நான் எத்தனை முறை சொல்லியும் பலனில்லை.

பகுதி சுகாதார செவிலியர் அக்கா ஒருவர் அவர்களைக் கூடவே வீட்டுக்குக் கூட்டிப்போனார். பீடி சுற்றும் ஒரு அம்மா. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தாமல் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இலை நறுக்கிக் கொடுத்துக்கொண்டே, "செத்துடலாமான்னு தோணுதாம்மா?" என்று கேட்டார். "தோணுது. இத யாருமே கேக்கலயேம்மா" என்று அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். கூட வந்த செவிலியர் அன்று சாயங்காலமே அடுத்த வீட்டில் தானாகக் கேட்டார். இப்போது அவர் போகிற வீட்டில் எல்லாம் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐச் சுவரில் எழுதிவிட்டு வருகிறார்.

வாலாஜா, நர்ஸிங் மாணவி:

காட்பாடி அக்கா, அந்த சிஸ்டர் மாறிப்போன பிறகு என்ன ஆனது? ரிஜிஸ்டரில் என்னென்ன காலம் (பத்தி) இருந்தது என்றும் சொல்ல முடியுமா? எங்கள் வார்டில் இப்போதுதான் ஆரம்பிக்கிறார்கள்.

காட்பாடி, ஸ்டாஃப் நர்ஸ்:

நல்ல கேள்வி தங்கச்சி. எங்கள் வார்டில் அந்த வழக்கம் நின்றுபோகவில்லை. போவதற்கு முன்பே ரெண்டு ஜூனியர்களை மாற்றி மாற்றி ஹேண்ட்ஓவர் நடத்தவைத்திருந்தார், அவர்கள் விடவில்லை. பக்கத்து வார்டில் அப்படி யாரும் இல்லாததால் ரிஜிஸ்டர் வெறும் கையெழுத்துப் புத்தகமானது. அதனால் உங்கள் இன்சார்ஜிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் லீவு போட்டால் யார் பார்ப்பார்கள் என்பதுதான்.

காலங்கள் இவை: என்ன நடந்தது, கட்டுவதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தோம், எந்த டாக்டர் எத்தனை மணிக்கு அனுமதித்தார், கட்டிய நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கைவிரல் நிறமும் நாடியும், தண்ணீர், பாத்ரூம், அவிழ்த்த நேரம், பிரதிநிதிக்கு யார் சொன்னது. கடைசியாக, அவிழ்த்த பிறகு நோயாளி என்ன சொன்னார் என்று ஒரு காலம். அதைச் சிஸ்டர் தானே சேர்த்தார். அதற்கு மட்டும் அகலமாக இடம் விடுங்கள், நிறைய எழுத வேண்டியிருக்கும்.